பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று அழுதால் தெருமுனைக் கடைக்காரர் வரைக்கும் கேட்கும். இன்னொன்று அழுததை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

முதலாவதுக்குச் சங்கு என்று பெயர் வைத்ததே அவனைப் பெற்ற அப்பன்தான். நான்கு வயதில் ஆலைச் சங்கு மாதிரி வேளை தவறாமல் ஊதுவான். தன் பென்சில் முனை உடைந்தால் ஓர் ஊதல். பக்கத்தில் இருப்பவரின் பென்சில் முனை உடையாமல் இருந்தால் இன்னோர் ஊதல். ஊதிக்கொண்டே ஓடி, யார் மடி காலியாக இருக்கிறதோ அதில் விழுவான். மடி யாருடையது என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டே இல்லை. தண்ணீர் கேன் போட வந்த ஆள் மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்தபோது அவர் மடியிலும் விழுந்து அழுது தீர்த்திருக்கிறான்.

இரண்டாவது, பூனை. ஐந்து வயதுப் பெண். வெளிநாட்டிலிருந்து அம்மாவோடு வந்து இறங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. நடந்தால் சத்தம் வராது, கதவைச் சாத்தினால் சத்தம் வராது என்று அவளுடைய மாமா, அதாவது சங்குவின் அப்பா, வைத்த பெயர் அது. பூனையின் அம்மாவை அந்த வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். அண்ணன் வீட்டில் அவள்தானே இளையவள். அவள் புருஷனுக்கு அங்கே இன்னும் ஒரு வருட ஒப்பந்த வேலை பாக்கி. அவன் வருவதற்குள் பிள்ளையை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று அவள் முந்திக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணன் வீட்டில் ஓர் அறை கிடைத்தது, பல் செட் செய்யும் லேபில் வேலையும் கிடைத்தது.

"பொண்ணுன்னா இப்படி இருக்கணும். தங்கம். நானும் ஒண்ணு பெத்து வச்சிருக்கேனே, காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் சமைக்க வேண்டியிருக்கு" என்பாள் அண்ணி.

பூனை சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்வாள், அதுவும் பெற்ற தாய்க்கு. யாராவது தூக்க வந்தால் ஓர் அடி பின்னால் போய், கையை நீட்டிக் குலுக்குவாள். மாமா அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார். "கலெக்டரம்மா, வணக்கம்" என்று அவரும் குலுக்குவார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஊரே சேர்ந்து பொன் என்று சொன்னால் காக்கைக்குத் தலைகால் புரியுமா? சின்னவளுக்கும் புரியவில்லை.

வந்த மறுநாளே பூனை ஒரு காரியம் செய்தாள். படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அங்கே இஸ்திரிப் பலகையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை இழுத்து வெளியே சாத்திவிட்டு, சந்துக்குள் ஒரு தலையணையைப் போட்டாள். அவ்வப்போது உள்ளே போய் உட்காருவாள். கொஞ்ச நேரம் கழித்து வருவாள். பிள்ளை விளையாடுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். சின்னவளும் அப்படித்தான் நினைத்தாள். நினைத்தாளா, நினைத்துக்கொண்டாளா என்று பிறகு தன்னையே பல முறை கேட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. அன்று காலை பூனை இடக்கையால் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். ஊரார் பல்லையெல்லாம் செய்கிறவள் தன் பிள்ளை பல்லில் அசட்டையாக இருப்பாளா?

"கையை மாத்திப் பிடி, கண்ணு."

"இது போதும்மா."

"மாத்துன்னா மாத்து."

பூனை வலக்கையைத் தூக்கவே இல்லை. சின்னவள் சட்டைக் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரிசல். "எப்ப விழுந்தா?" என்று சின்னவளைக் கேட்டார். சின்னவள் பிள்ளையைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம். பார்க்ல, ஊஞ்சல்லேருந்து" என்றாள் பூனை.

"யார்கிட்டம்மா சொன்ன?"

"சொல்லல. வீட்டுக்கு வந்து உள்ள போய் உக்காந்தேன். முடிஞ்சிடுச்சு."

"வலி முடிஞ்சிடுச்சா?"

"அழுகை முடிஞ்சிடுச்சு. வலி இருந்துச்சு."

டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்வையை உயர்த்தி அம்மாக்காரியைப் பார்த்தார். "இதுக்குப் பெரிய ஆளுங்களே கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி கத்துவாங்க. நேத்து சாயங்காலத்துலேருந்து வீட்ல ஒருத்தருக்கும் தெரியலையா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். சின்னவள் பிள்ளையின் சட்டைக் கையை மேலும் ஒரு சுருட்டுச் சுருட்டினாள். கட்டுப் போட்டபோதும் பூனை சத்தம் காட்டவில்லை. கீழ் உதட்டை மட்டும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டாள். முடிந்ததும் டாக்டருக்கு நன்றி சொன்னாள். நர்ஸ் கன்னத்தைத் தொட்டு, "அழவே இல்லையே, சமத்து" என்றாள். இதுவரை அந்த வார்த்தையைக் கேட்டால் குளிர்ந்துபோகிற சின்னவளுக்கு இன்று அது சுட்டது.

ஆட்டோவில் வரும்போதே அவளுக்கு எல்லாம் கோவையாக வந்துவிட்டது. நடக்கப் பழகும் முன்பே பூனையை அங்கே ஒரு காப்பகத்தில் விட்டாள். வேறு வழியில்லை. காலையில் இருட்டு விலகுவதற்குள் விடுவாள், மறுபடி இருட்டும் நேரத்தில் அழைத்துக்கொள்வாள். நல்ல காப்பகம்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சுத்தம், வேளைக்குச் சாப்பாடு, அதட்டாத ஆசிரியைகள். அறை மூலையில் ஒரு நீல மெத்தை போட்டிருந்தார்கள். அழுகிற பிள்ளையை அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள், தூக்கவும் மாட்டார்கள். மெத்தையைக் காட்டுவார்கள். போய் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு, முகம் துடைத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். வந்ததும் கைதட்டுவார்கள். பிள்ளை தன் மனதைத் தானே ஆற்றிக்கொள்ளப் பழகுகிறது என்று சின்னவளுக்கு விளக்கிச் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். தலையாட்டியது மட்டுமா? அண்ணிக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னாள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். யாரும் அதனால் கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் ஊர். அங்கே மெத்தையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் பெரியவர்களுக்குத் தெரியும். இங்கே பீரோச் சந்துக்குள் போனால் யார் பார்ப்பார்கள்?

அடுத்த வாரம் பள்ளிக்கூடம். சேர்க்கப் போனபோது வகுப்பை எட்டிப் பார்த்திருந்தாள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆசிரியை ஒருத்தி. சத்தம் போடுகிற பிள்ளையைக் கவனிப்பதற்கே அவளுக்கு நேரம் பற்றாது. அதில் ஒரு பெண் கையை உடைத்துக்கொண்டு ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தால்? காய்ச்சல் கொதித்தால்? எவனாவது ஏதாவது செய்தால்? அந்தக் கடைசிக் கேள்விக்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் இல்லை. பூனைக்கு வலித்தால் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும். பள்ளி திறப்பதற்குள் ஒரே ஒரு முறையாவது தன்னிடம் வந்து அழ வேண்டும். அவளுக்கு அது போதும்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லேபில் மேசை முன் உட்கார்ந்தால் கை மெழுகைச் செதுக்கும், காது போனில் இருக்கும். எழுந்து தண்ணீர் குடிப்பாள். உட்காருவாள். மறுபடி எழுவாள். ஒரு கடைவாய்ப் பல்லை மேலே வைக்க வேண்டிய இடத்தில் கீழே வைத்துவிட்டாள். பக்கத்து மேசைப் பெண் அச்சை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை மாட்டினா அந்த மனுஷன் வாயை மூடவே முடியாது. பொண்டாட்டி நம்மளத் தேடி வந்து அடிப்பா. என்னக்கா ஆச்சு உங்களுக்கு?"

சின்னவள் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு விஷயமே பிடிபடவில்லை. "அழாத பிள்ளைன்னு ஒரு கவலையா? எங்க வீட்டுக்கு வாங்க, ரெண்டைத் தர்றேன், ஒரு நாள் வச்சுப் பாருங்க" என்றாள்.

வேலைக்கு நடுவே அண்ணிக்குப் போன் போட்டாள். பிள்ளை என்ன செய்கிறாள்? வரைகிறாள். சந்துக்குள் போனாளா? இல்லை. அரைமணி கழித்து மறுபடி போட்டாள். மூன்றாவது முறை அண்ணியின் குரல் மாறிவிட்டது.

"நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா உக்காந்திருக்கேன்? அன்னிக்கு ஊஞ்சல்ல விழுந்தப்ப நானும்தான் பார்க்ல இருந்தேன். சங்கு அழுதான்னு அவனைப் பார்த்தேன். இவ எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டு நின்னா. எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? நீயே சொல்லு."

அண்ணி அழுதுவிட்டாள். அண்ணி மேல் தப்பில்லை என்று சின்னவளுக்குத் தெரியும். அது தெரிந்ததால் மனசு இன்னும் கனத்துப்போனது. யாரையாவது குறை சொல்ல முடிந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

புருஷன் வீடியோவில் வந்தான். கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "என் பொண்ணு தைரியசாலி" என்றான்.

"இது தைரியம் இல்லீங்க."

"பின்ன?"

"என்கிட்ட வரல அவ."

"வருவா, வருவா. நீ சும்மா மனசைப் போட்டு உழப்பிக்காத" என்றான். அவனுக்குப் பின்னால் யாரோ வேலைக்குக் கூப்பிட்டார்கள். திரை அணைந்தது.

மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அதனால் அழுகையை முறையாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றார். சனிக்கிழமை மாலை கூடத்தில் பாடம் தொடங்கியது. மாமா கால் இடறுவது போல் நடித்துத் தொப்பென்று விழுந்தார். "ஐயோ, அம்மா, என் காலு" என்று கூப்பாடு போட்டபடி தவழ்ந்து போய்ப் பெண்டாட்டி மடியில் தலையை வைத்தார். அண்ணி வெட்கப்பட்டு அவர் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். அப்பா நிஜமாகவே விழுந்துவிட்டார் என்று நினைத்த சங்கு ஊத ஆரம்பித்தான். கீழ் வீட்டுக்காரர் வந்து என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார்.

பூனை எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஒரு துண்டை எடுத்து வந்து சங்குவிடம் கொடுத்தாள். இடக்கையால் அவன் கையைப் பிடித்துப் படுக்கையறைக்குக் கூட்டிப் போனாள். சந்துக்குள் அவனை உட்கார வைத்தாள். "முடிஞ்சதும் வா. அவசரம் இல்ல" என்றாள். தனியாக விடப்பட்ட சங்கு அதுவரை ஊதியதெல்லாம் ஒத்திகை என்று காட்டினான். பூனை கதவருகே திகைத்துப்போய் நின்றாள். நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அண்ணி ஓடிவந்து மகனை வாரிக்கொண்டாள்.

"பிள்ளையை இருட்டுச் சந்துல தள்றதா? இதுக்குப் பேரு பழக்கமா? நல்லா வளர்த்தாங்க போ."

வாய் தவறி வந்ததுதான். பூனை, "மன்னிச்சுக்கோங்க அத்தை" என்றாள். சொல்லிவிட்டுச் சந்துக்குள் போனாள்.

சின்னவள் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். பூனை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் அசைந்தது. "அம்மாகிட்ட வா கண்ணு" என்று கையை நீட்டினாள்.

"இன்னும் முடியலம்மா. நீ போ" என்றாள் பூனை, திரும்பாமலே, மரியாதையாக.

மறுநாள் ஞாயிறு. விடிந்தால் பள்ளிக்கூடம். சங்குவுக்கு ஷூ வாங்க அண்ணனும் அண்ணியும் அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார்கள். மதிய வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து கிடந்தது. சின்னவள் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு புத்தகத்துக்கு அட்டையைத் தலைகீழாகப் போட்டுப் பிரித்தாள். மறுபடி போட்டாள், மறுபடி தலைகீழ். கத்தரிக்கோலைத் தேடினால் அது மடியிலேயே இருந்தது. பூனை பக்கத்தில் உட்கார்ந்து இடக்கையால் ஒரு வீடு வரைந்துகொண்டிருந்தாள். கோணல்மாணலான வீடு.

"பூனை, நாளைக்குக் கிளாஸ்ல எங்கயாவது வலிச்சா என்ன பண்ணுவ?"

"ஓரமா போவேன்."

"மிஸ்கிட்டச் சொல்லணும். வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்டச் சொல்லணும். சரியா?"

"சரிம்மா."

"அழுகை வந்தா?"

"ஓரமா போவேன்."

இதே கேள்வி, இதே பதில், காலையிலிருந்து எத்தனையாவது முறையோ. சின்னவளுக்குள் என்னவோ அறுந்துபோனது. குனிந்து, பிள்ளையின் தொடையில், பாவாடை விளிம்புக்குக் கீழே, விரலால் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். அழு, அழுதுகொண்டு என் மேல் விழு, அவ்வளவுதான் நான் கேட்பது என்பதுதான் அந்த நொடியில் அவள் மனதில் இருந்த எல்லாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள் என்று சிலரை ஊரில் சொல்வதுண்டு. சின்னவள் கிள்ளினாள். ஆட்டுவதற்குத் தொட்டில் கிடைக்கவில்லை.

பூனை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. கண்ணில் தண்ணீர் திரண்டது. அது வழிவதற்குள் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தாள். மூடியைச் சாத்தினாள். எழுந்து படுக்கையறைக்குள் போனாள்.

சின்னவள் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு அழுதாள். சங்கு கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பான், அப்படி ஒரு அழுகை. கத்தரிக்கோலும் அட்டையும் பசையும் இறைந்து கிடந்த தரையில் அப்படியே சரிந்து, வாயைப் பொத்தக்கூடத் தோன்றாமல் அழுதாள். யாராவது பார்ப்பார்களே என்ற நினைப்பு இல்லை. அங்கே இருந்த அத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவள் இப்படி அழுததில்லை. அழ அங்கே நேரம் ஏது.

தோளில் ஒரு சின்னக் கை பட்டது. பூனை நின்றுகொண்டிருந்தாள். அவள் முகமே இன்னும் சரியாகக் காயவில்லை. பாதியில் எழுந்து வந்திருக்கிறாள்.

"வாம்மா" என்றாள்.

கையைப் பிடித்து இழுத்துப் போனாள். சந்துக்குள் கிடந்த தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். "உக்காரு. நீ பெரிசு, காலை மடக்கிக்கோ." சின்னவள் காலை மடக்கி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் பீரோவின் இரும்பு சில்லென்றது, ஒரு பக்கம் சுவர். பூனை துண்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "முடிஞ்சதும் வா. நான் வெளிய இருக்கேன்."

சொன்னபடி, பீரோவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சின்னவளுக்கு அவளுடைய பாதம் மட்டும் தெரிந்தது. கட்டை விரல் ஆடிக்கொண்டிருந்தது.

"பூனை."

"ம்."

"நீ அங்க நீல மெத்தைல இருக்கும்போது, வெளிய யாரு உக்காந்திருப்பாங்க?"

"யாரும் இல்ல. எல்லாரும் விளையாடுவாங்க." கொஞ்சம் யோசித்தாள். "நீ வேலைக்குப் போயிருப்ப."

"அப்ப நான் வந்ததும் என்கிட்டச் சொல்லியிருக்கலாமே, கண்ணு."

"நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்மா. அங்க மிஸ் சொன்னாங்க, அம்மா வேலை செஞ்சு களைப்பா வருவாங்க, சிரிச்ச முகமா இருந்தா அம்மாவுக்குச் சந்தோஷம்னு." கட்டை விரல் நின்றது. "நான் எப்பவும் முடிச்சிடுவேன். ஒரு தடவைகூட நீ பார்க்கல."

சின்னவள் துண்டில் முகத்தைப் புதைத்தாள். தினமும் மாலையில் கதவைத் திறந்ததும் சிரித்துக்கொண்டு ஓடிவந்த அந்த முகத்தை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பாரேன், என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று அதைப் பார்த்துத்தான் அவள் அத்தனை வருடம் ஓட்டினாள். பிள்ளை தன்னிடம் வரவில்லை என்று இந்த வாரம் முழுக்கப் புலம்பினாளே. அத்தனை நாளும் பிள்ளை அவளுக்காகத்தான் அழுது முடித்திருக்கிறது.

"முடிஞ்சதாம்மா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "இப்ப?"

"இல்ல கண்ணு. எனக்குத் தனியா முடிக்கத் தெரியல. நீயும் உள்ள வா."

பூனை எட்டிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "ஒருத்தர்தான் உக்காரணும். அதுதான் ரூல்."

"இது அங்க இல்ல. இது மாமா வீட்டு பீரோ. இங்க எத்தனை பேர் வேணா உக்காரலாம்."

"இடம் இல்லையே."

"மடில இருக்கு."

பூனை அந்த மடியைப் பார்த்தாள். சங்கு யோசிக்காமல் விழுகிற இடத்தை அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள். சந்து போதவில்லை. பீரோ முனகியது. அவள் முழங்கால் அம்மாவின் விலாவில் இடித்தது, அம்மாவின் தாடை அவள் தலையில் இடித்தது. எப்படி உட்காருவது என்று தெரியாமல் இரண்டு பேரும் அங்குமிங்கும் நகர்ந்தார்கள். கட்டுப் போட்ட கை பீரோவின் விளிம்பில் மோதியது.

பூனை உதட்டை உள்ளே இழுத்தாள். எழுந்து போய்விடுவாள் என்று சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போவதற்கு வழியும் இல்லை. போக வேண்டிய இடத்தில்தான் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"அம்மா" என்றாள் பூனை.

"ம்."

"வலிக்குது."

"எங்க வலிக்குது, காட்டு."

பூனை அந்தக் கையைத் தூக்கி அம்மா மடியில் வைத்தாள். "இங்க" என்றாள். அதோடு உதடு பிதுங்கியது. பிறகு பாவாடையை நகர்த்தி, தொடையில் சிவந்திருந்த இடத்தையும் காட்டினாள். "இங்கயும்."